மலைச்சாலைக்கு ஒரு மின்சாரச் சைக்கிள்

சிரஞ்சீவி கௌரிக்கு,

குன்னூரில் வீடும் உதகையில் உத்தியோகமுமாக அமைந்துவிட்ட நீ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சிரமத்தை விட்டொழிக்க மின்சாரச் சைக்கிள் ஒன்று வாங்க உத்தேசித்து, கடைக்காரர் கொடுத்த மூன்று விளம்பரத் தாள்களையும் அனுப்பி, இவற்றுள் எது உகந்தது என்று கேட்டிருக்கிறாய். ஒரு முறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான் மூன்றும் பெரிய எழுத்தில் பேசுகின்றன. அது சமதரையின் கணக்கு. உனக்கு வேண்டிய விவரங்கள் இரண்டு: மெதுவாக ஏறும்போது மோட்டார் சோராமல் இழுக்குமா, இறங்கும்போது பிரேக் தளராமல் பிடிக்குமா என்பவை. அவ்விரண்டுக்கும் அந்தத் தாள்களில் விடை தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தூரத்தைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். குன்னூர் ரயில் நிலையத்துக்கும் உதகை நிலையத்துக்கும் ஏறக்குறைய 500 மீட்டர் உயர வித்தியாசம். நீயும் உன் பையும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 136 வாட்-மணி சக்தி வேண்டும். சாலையின் உராய்வும், எதிர்க்காற்றும், மோட்டாரில் வெப்பமாக வீணாவதும் சேர்ந்தால், நீ மிதிக்காமலே உட்கார்ந்திருக்கும் பட்சத்தில் அது 250-ஐத் தாண்டிவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று குறித்திருக்கும் சாதாரண பாட்டரியில் 360 வாட்-மணி அடங்கியிருக்கிறது. நீயோ காலையில் முழு சார்ஜுடன் ஏறி, மாலையில் பெரும்பாலும் இறக்கத்திலேயே வீடு திரும்புகிறவள். குளிரிலும், வருஷங்கள் செல்லச் செல்லவும் பாட்டரியின் கொள்ளளவு குறையுமாதலால், 450-க்கு மேல் கிடைத்தால் நல்லது. அதற்கப்பால் பாட்டரிக்காகப் பணத்தைச் செலவிடாதே.

நம் தேசத்துச் சட்டம், 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத மின்சாரச் சைக்கிளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை என்று விதித்திருக்கிறது. அந்த 250 வாட் மலையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? கல்லாறிலிருந்து குன்னூர் வரையில் நீலகிரி மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறதே, அந்த ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. குன்னூரின் சந்துகளிலும் அதற்குக் குறையாத ஏற்றங்கள் உண்டு. அத்தகைய சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, பூமியின் இழுப்பை வெல்வதற்கே 450 வாட் ஆகும். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அதில் பாதி போதும். கூட உன் கால்களின் பிரயாசையும் இருக்கிறது. ஆகவே நீ நிதானமாகத்தான் ஏறப் போகிறாய், அந்த நிதானத்தில் எந்த மோட்டார் நன்றாக உழைக்கும் என்பதே வாங்கும்போது உன் மனத்தில் முதலாவதாக நிற்க வேண்டும்.

நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்த ஹப் மோட்டார் வகை. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் அந்த மோட்டாரும் மெதுவாகவே சுழலும்; அப்போது பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு இழுப்பாக மாறாமல் வெப்பமாகிவிடும். மிட் டிரைவ் என்னும் மற்றொரு வகையில் மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறது. அதன் சக்தி செயின் வழியாகவும் கியர் வழியாகவும் செல்வதனால், நீ சின்ன கியருக்கு மாற்றிய மாத்திரத்தில், சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் மோட்டார் தனக்கு உகந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். என் அபிப்பிராயத்தில் மலைக்கு ஏற்றது இதுவே. ஆனால் விலை வெகுவாகக் கூடும், செயினும் சீக்கிரம் தேயும். கியர் மாற்றும் கணத்தில் கால் அழுத்தத்தை அரைச் சுற்று தளர்த்திவிட்டு மாற்ற வேண்டும். அழுத்தியபடியே மாற்றினால் செயின் படீரென்று துள்ளும், நாளடைவில் அறுந்தும் போகும்.

அவ்வளவு பணம் இப்போதைக்கு இல்லையென்றால் ஹப் மோட்டாரே வாங்கு. முறுக்குவிசை 40 நியூட்டன்-மீட்டருக்குக் குறையாமலும், பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பற்களுடனும் இருக்கட்டும். நீ அனுப்பிய தாள்களில் கியரே இல்லாத சைக்கிள் ஒன்று இருக்கிறது. அழகாயிருந்தாலும் அதை ஒதுக்கிவிடு. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சாரைவிட, நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்பதை உணர்ந்து அதற்கேற்பத் துணைசெய்யும் டார்க் சென்சார் ஏற்றத்தில் மிகுந்த உபகாரம்.

இனி இறக்கம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காலையில் பாட்டரியும் நீயுமாகச் சேர்ந்து மேலே ஏற்றி வைத்த அத்தனை சக்தியும், மாலையில் காற்றில் கரைவது போக, பிரேக்கின் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளில் வெப்பமாகத் தீர்ந்தாக வேண்டும். சைக்கிளின் எடையே 20 கிலோவுக்கு மேல். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் தட்டு ஆறுவதற்கு அவகாசமே இராது; பேட் தீய்ந்த வாடை வரும், தட்டில் நீல நிறம் படரும், பிடி தளரும். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தை அடக்கிவிட்டு, நேரான இடத்தில் கையை எடுத்துவிடு. ஒயர் பிரேக்கில் ஒயர் நீண்டு, லீவர் ஹாண்டில்பார் வரை வந்துவிடக்கூடும். ஆகையால் இரு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அவசியம், அதில் சிக்கனம் கூடாது. மழைமாதங்களில் பேட் வெகு சீக்கிரம் தேயும். மாற்றுப் பேட் ஒரு ஜோடி எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கழற்றி எடுக்கக்கூடிய பாட்டரியாக வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் செய். உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் வெளிக்கொட்டகையில் சார்ஜ் செய்தால் லித்தியம் செல்லுக்குக் கேடு.

பணம் கொடுக்குமுன், ஆபீஸ் பையை நிரப்பி மாட்டிக்கொண்டு, கீழ்க் குன்னூரிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை ஓட்டிப் பார். ஏற்றத்தின் நடுவில் வேண்டுமென்றே நின்று, நின்ற இடத்திலிருந்தே மறுபடி கிளம்பு. மேலே போனதும் மோட்டாரின் உறையைக் கையால் தொட்டுப் பார். கை வைக்க முடியாத சூடாயிருந்தால் அந்தச் சைக்கிள் வேண்டாம். இப்படி ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், கோயம்புத்தூருக்கு வா. நானும் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா