பறக்கும்போதும் மிதக்கும்போதும் போன்: மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆகஸ்ட் பிறந்தால் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள் யோசனை கேட்டு வரத் தொடங்கிவிடுவார்கள். விசா, விடுதி, வங்கிக் கடன் என்று எத்தனையோ கவலைகள் இருக்க, முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சார், ஃப்ளைட்டுல இருந்து பேச எந்த பேக் போடணும்?” கப்பல் பயிற்சி முடித்து முதல் பயணம் போகிற கேடட்களும் இதையே கேட்கிறார்கள். கேட்பது பையன், கேட்கச் சொன்னது அம்மா. பக்கத்து வீட்டுப் பெண் ஆகாயத்திலிருந்தே ‘ஸ்டோரி’ போட்டாளாம். நம் பையன் மட்டும் பதினாறு மணி நேரம் பேசாமல் இருப்பதா? இந்த ஒரு காரணத்துக்காகக் காசைக் கொட்டுகிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இருக்கிற வழிகள் நான்கு. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு அமைதியாகப் போவது ஒன்று. விமானமோ கப்பலோ தருகிற வைஃபையில் சேர்வது இரண்டு. நம்மூர் சிம்மிலேயே ‘இன்ஃப்ளைட்’ ரோமிங் பேக் போடுவது மூன்று. போய் இறங்கியதும் அந்த நாட்டு சிம்மோ இ-சிம்மோ போட்டுக்கொள்வது நான்கு. முதல் வழிக்கு விளக்கமே வேண்டாம். படிக்க, பார்க்க, கேட்க வேண்டியதையும், சேர்க்கைக் கடிதம், தங்கும் முகவரி ஆகியவற்றையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிப் போனில் வைத்துக்கொண்டால் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. 2025 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டதால், முழு சார்ஜோடு ஏறுங்கள்.

வைஃபை இன்று நன்றாக வந்திருக்கிறது, அதிலும் இலவசமாக. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலையிலிருந்து தன் கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர்களுக்கு எக்கானமி வகுப்பிலும் வைஃபையை இலவசமாகத் தருகிறது. எமிரேட்ஸ் தன் ஸ்கைவார்ட்ஸ் உறுப்பினர்களுக்கு எழுத்துச் செய்தி அனுப்பும் அளவுக்கு இலவசம் தருகிறது. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் ஸ்டார்லிங்க் பொருத்திய விமானங்களை ஓட்டத் தொடங்கியது, அவற்றிலும் இலவசம்தான். ஏர் இந்தியா 2025 ஜனவரியில் உள்நாட்டுத் தடத்தில் சில விமானங்களுக்கு வைஃபையைக் கொண்டுவந்தது. உறுப்பினராவதற்குக் காசு கிடையாது. ஆனால் டிக்கெட் போடும்போதே சேர்ந்து, அந்த எண்ணை டிக்கெட்டில் ஏற்றிவிட வேண்டும். விமானத்தில் ஏறியபின் ஓடிபிக்காகத் தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். இந்திய வான்வெளியில் 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகுதான் இந்த வசதியைத் திறக்கலாம் என்பது விதி. ஆகவே மீனம்பாக்கத்தில் ஓடுபாதையை விட்டு எழும்பியதும் ஏன் இன்னும் வரவில்லை என்று பணிப்பெண்ணைக் கூப்பிட வேண்டாம்.

இனி அந்த மூன்றாவது வழி. எல்லோரும் ஓடி ஓடி வாங்குவது இதைத்தான். நான் வேண்டாம் என்பதும் இதைத்தான்.

விமானத்துக்குள் ஒரு சின்ன டவர் இருக்கும். அது உங்கள் போனைப் பிடித்துக்கொண்டு செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து தரைக்கு வரும். 2008 மார்ச் 20 அன்று எமிரேட்ஸ் விமானம் ஒன்றில் இப்படித்தான் முதல்முதலாக அனுமதியோடு பயணிகளைப் பேச விட்டார்கள். போனின் கணக்கில் விமானம் என்பது தனி நாடு. ஏரோமொபைல், சிட்டா ஆன்ஏர் என்றெல்லாம் அதன் பெயர் திரையில் வரும். அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ நீங்கள் போட்ட ரோமிங் பேக் பெரும்பாலும் அந்த நாட்டு மண்ணில்தான் செல்லும். அப்படிப்பட்ட பேக்குக்கு நடுவானில் மதிப்பில்லை. அதனால்தான் தனியாக இன்ஃப்ளைட் பேக் விற்கிறார்கள்.

2020 செப்டம்பரில் ஜியோ இதைக் கொண்டுவந்தபோது விலை 499, 699, 999 ரூபாய். குறைந்த பேக்கில் 250 எம்.பி. டேட்டா, 100 நிமிடம் வெளியே பேசலாம், ஒரு நாள் செல்லும். 2024-இல் ஏர்டெல் 195 ரூபாயிலிருந்து தொடங்கியது. ‘இருநூறு ரூபாய்தானே, போகட்டும்’ என்று அதிலிருந்து எல்லோரும் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் என்ன வாங்குகிறோம் என்பதைப் படித்தவர்கள் குறைவு. ஜியோவின் அந்த பேக்குகளில் உள்வரும் அழைப்புக்கே இடமில்லை. அம்மா பேக் போட்டுத் தருவது மகனைக் கூப்பிடுவதற்காக. அந்த பேக்கிலோ அம்மா கூப்பிட்டால் மணியே அடிக்காது. பையன் கூப்பிட்டால்தான் உண்டு. அதுவும் நிச்சயமில்லை. மற்ற பயணிகளுக்குத் தொந்தரவு என்று பல விமான நிறுவனங்கள் குரல் அழைப்பை அணைத்தே வைத்திருக்கின்றன.

சரி, டேட்டாவாவது உண்டே என்பீர்கள். 250 எம்.பி. என்பது இன்றைய போனுக்கு எம்மாத்திரம்? நெட் கிடைத்தது என்று தெரிந்த அடுத்த நொடி, விமான நிலையத்தில் வழியனுப்பும்போது எடுத்த அத்தனை படங்களையும் போன் தானாகவே மேலே ஏற்ற ஆரம்பிக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய வீடியோக்கள் தானாகவே இறங்கும். பிள்ளை ஒரு வார்த்தை டைப் செய்வதற்குள் பேக் காலி.

பாதி வழியில் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வையுங்கள். அங்கே தரையில் இன்ஃப்ளைட் பேக் வேலை செய்யாது. மணிக்கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பறக்கும் விமானத்தில் செல்போன் பயன்பாட்டை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1991-இலேயே தடை செய்தது. தளர்த்தலாம் என்று 2013-இல் யோசித்து, 2020-இல் அந்த யோசனையையும் கைவிட்டது. அதனால் அந்த வான்வெளிக்குள் நுழைந்ததும் விமானத்து டவரை அணைத்துவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் விமானத்தையே மாற்றினால், மாற்றி வந்த விமானத்தில் அந்தக் கருவி இருக்குமா என்பதும் தெரியாது. இத்தனை ‘ஆனால்’ போட்டு விற்கும் ஒன்றை அவசியப் பொருள் என்று எப்படிச் சொல்வது?

பேக் போடாமல், ஃப்ளைட் மோடும் போடாமல் போகிறவர்கள் கதை இதைவிட மோசம். ரோமிங் திறந்திருக்கும் போஸ்ட்பெய்டு போன் பையில் கிடந்தபடியே விமானத்து டவரோடு சேர்ந்துகொள்ளும். என்னிடம் படித்த ஒருவனின் அப்பாவுக்கு அப்படி வந்த பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சில நிமிட இடைவெளியில் டேட்டா கணக்கு. பையன் அந்த நேரமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். செமஸ்டர் புத்தகங்களுக்கு ஒதுக்கிய பணம் அதில் போனது.

விமானத்தில் ஃப்ளைட் மோட் போடச் சொல்லி அறிவிப்பாவது செய்கிறார்கள். கப்பலில் அதைச் சொல்ல ஆளில்லை, அதனால் அங்கே ஏமாற்றம் அதிகம். ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கப்பலில் போவதுண்டு. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் இல்லை என்று நம்பி நெட்டைத் திறந்தே வைத்திருப்பார்கள். அந்தச் சலுகை தரையில் நிற்கும் டவருக்குத்தான். கப்பலின் செயற்கைக்கோள் டவருக்குக் கிடையாது. கரையை விட்டு விலகியதும் கப்பல் டவர் போனைப் பிடித்துக்கொள்ளும், கட்டணம் தனி. 50 யூரோவில் தானாக நிறுத்திவிட வேண்டும் என்ற பாதுகாப்பு ஐரோப்பிய சிம்முக்கு உண்டு. நம்மூர் சிம்மோடு போனால் அந்தக் காப்பை நம்ப முடியாது. கப்பல் ஏறினாலும் ஃப்ளைட் மோட் போடுங்கள், பிறகு வைஃபையை மட்டும் திறங்கள்.

சென்னையிலிருந்து அந்தமான் போகும் கப்பலில் வேறொன்றைக் காணலாம். இங்கே கல்லூரியில் படிக்கும் அந்தமான் பிள்ளைகள் பலர் விடுமுறைக்கு இதில்தான் போவார்கள், ஏறக்குறைய மூன்று நாள் பயணம். துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் பின்தளத்துக் கம்பியோரம் கூட்டம் சேரும்; கைகள் எல்லாம் மேலே, கையில் போன். ஜிஎஸ்எம் டவர் ஒன்றின் எல்லையே 35 கிலோமீட்டர், நடைமுறையில் அதற்கு முன்பே சிக்னல் அறுந்துவிடும். அறுந்த பிறகு யாரும் போனை அணைப்பதில்லை. கிடைக்காத டவரைத் தேடித் தேடி, தன் முழு சக்தியையும் போட்டு, போன் கொதிக்கும். சாயங்காலத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். பிறகு பங்க் வகுப்பில் சாக்கெட்டுக்குக் காத்துக்கிடப்பார்கள். அதே போனை ஃப்ளைட் மோடில் வைத்தவன் மூன்றாம் நாளும் படம் எடுத்துக்கொண்டிருப்பான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலுக்கு நான்கு மணி நேரம்தான். அதற்குக் கடலில் எந்த பேக்கும் தேவையில்லை. இலங்கைக் கரையை நெருங்கும்போதே அந்த நாட்டு டவர் போனைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

கேடட்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். நான் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன். 1999 பிப்ரவரியில் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற கடல் ஆபத்துத் தகவல்தொடர்பு முறை முழுதாக நடைமுறைக்கு வந்ததும் எங்கள் பதவியே கப்பல்களிலிருந்து போய்விட்டது. வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப மதராஸ் ரேடியோ கரை நிலையம் கிடைக்கும்வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த தலைமுறை எங்களுடையது. அதனால் மௌனத்தின் பக்கம் என் மனம் சாய்வதை நான் மறைக்கவில்லை. இருந்தாலும் மாலுமிக்கு இணையம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. இயன்றவரை கப்பலில் இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக வாங்க வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வைஃபை எவ்வளவு, மாதம் எத்தனை ஜி.பி. என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேட்காமல் போய், கரை தெரிந்தால் சிக்னல் வருமா என்று ஏங்கிக்கொண்டிருக்காதீர்கள். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரீஷியஸ் கரையோரப் பவளப்பாறையில் ஏறியது. மாலுமிகளின் போன்களுக்கு சிக்னல் கிடைக்கட்டும் என்று கரையை ஒட்டிக் கப்பலை ஓட்டியிருக்கிறார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. போனுக்குள் இருக்கிற மனதால் வந்த வினை அது.

பெற்றோர் சிலர் பயந்துபோய்ச் செயற்கைக்கோள் போன் வாங்கிக் கொடுத்தனுப்பப் பார்க்கிறார்கள். துரையா, இரிடியம் போன்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கு வரும். அந்தப் பேச்சே வேண்டாம்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் நான்காவது வழி. இ-சிம்மை ஊரிலேயே, வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டுப் போங்கள். போய் இறங்கிய பிறகு ஏற்ற நெட் வேண்டியிருக்கும். பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பலவற்றில் டேட்டா மட்டும்தான், சொந்த எண் கிடையாது. பல்கலைக்கழகப் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்த நாட்டு எண் தேவைப்படும் என்பதால் முதல் வாரத்திலேயே உள்ளூர் சிம் வாங்குங்கள். நம்மூர் சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். சர்வதேச ரோமிங்கைக் கிளம்புமுன் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, சின்ன ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நண்பன் வாங்கியதைப் பார்த்து வருவதில்லை. உன் விமானம் எது, எத்தனை மணி நேரம், எங்கே மாறுகிறாய், பேசாமல் இருந்தால் உன் மனம் எப்படி இருக்கும் என்று உன்னையே கேட்டுப் பார். பத்து மணி நேரம் சிக்னல் இல்லாமல் இருக்க முடியாத பையன், ஆறு மாதக் கடல் வேலைக்குத் தனக்கு ஒத்துவருமா என்று கிளம்புமுன் யோசிப்பது நல்லது. நாலு நாள் வீட்டிலேயே போனை அணைத்து வைத்துப் பழகிப் பார்க்கலாம். பொறுமை பழக்கத்தில் வருவது, புதிய ஊரில் முதல் செமஸ்டர் முழுக்க அது தேவைப்படும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விமான எண், மாறும் ஊர், இறங்கும் நேரம், அது நம்மூர் கணக்கில் எத்தனை மணி என்பதை ஒரு தாளில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். விமானம் எங்கே பறக்கிறது என்பதை ஃப்ளைட்ரேடார்24-இல் நீங்களே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். குடிநுழைவு வரிசையில் பல விமான நிலையங்களில் போனை எடுக்கவே விடமாட்டார்கள், பெட்டி வரவும் நேரமாகும். ஆகவே விமானம் தரையிறங்கி மூன்று மணி நேரம் வரை கூப்பிடாமல் இருங்கள். இன்ஃப்ளைட் பேக்குக்கு எடுத்துவைத்த பணத்தை உள்ளூர் சிம் வாங்கப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள்.