வான் தீவைத் தின்றது யார்?

"வான் தீவு போச்சு சார். பனி உருகிக் கடல் ஏறுது. அமெரிக்காக்காரன் புகை விட்டா நாம என்ன பண்ண முடியும்?" டீக்கடையில் கேட்டேன், கருத்தரங்கில் கேட்டேன், கல்யாணப் பந்தியில்கூடக் கேட்டாயிற்று. காது புளித்துவிட்டது. ரொம்ப வசதியான கதை: குற்றவாளி ஏழு கடல் தாண்டி இருக்கிறான், நம் கை சுத்தம்.

கணக்குப் பார்ப்போம். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர். 2014-ல் 2 ஹெக்டேர். கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் ஏறியது என்று வைத்தாலும் இந்த 28 ஆண்டில் அரைச் சாண்கூடத் தேறாது. அதுதான் காரணமென்றால் மன்னார் வளைகுடாவின் எல்லாத் தீவுகளும் இதே வேகத்தில் கரைந்திருக்க வேண்டாமா?

தீவைத் தின்றது கடப்பாரை. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாரைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்கு ஏற்றினோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது, அஸ்திவாரத்துக்குப் போனது, கார்பைடு ஆலைக்கும் போனது. ஊரின் பழைய மதில்களில் காரை உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். தேன்கூடு மாதிரி கண் கண்ணாகத் தெரியும். அதுதான் வான் தீவின் வேலி. அலை அங்கே உடைந்து களைத்துத்தான் கரைக்கு வரும். வேலி போனதும் நேரே மணலில் மோதியது. பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் மூழ்கியே போயின.

"கல்லுதானே, மறுபடி வளரும்" என்பார்கள். அது உயிர். பெரிய பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நீங்களே கணக்குப் போடுங்கள். 2001-ல் சட்டம் பவளத்துக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு தந்தது. ஆனாலும் கல் எடுப்பு ஓய்ந்தது சுனாமிக்குப் பிறகு, 2005-ல்தான்.

நம்மால் எதுவும் முடியாது என்பதும் பொய். 2015 முதல் இங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துளையிட்ட சிமென்ட் கூடுகளை வான் தீவுக்கு முன்னால் இறக்கியது. அரிப்பு அடங்கியது, மணல் சேர்ந்தது, கூடுகளில் மீனும் வந்தது.

புவி சூடாவது கட்டுக்கதை என்கிறேனா? இல்லை. 1998, 2010, 2016 வெயிலில் பவளங்கள் வெளுத்துச் செத்ததற்குக் காரணம் அதுதான். ஏற்கெனவே அடிபட்ட பார் அந்தச் சூட்டை எப்படித் தாங்கும்?

இப்படி வசதியான கதைகள் இன்னும் உண்டு. முத்துக்குளிப்பு நின்றது கடல்மாதா கோபமாம். 1961-க்குப் பிறகு சிப்பி விளையவில்லை, அதனால் குளிப்பும் இல்லை. அவள் பெயரை இழுக்காதீர்கள். துணிப்பை தூக்கினால் கடல் பிழைக்குமாம். தூக்குங்கள், நல்லதுதான். ஆனால் பாரில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலையை யார் எடுப்பது? அறுந்த வலையைக் கிலோவுக்கு விலை வைத்துத் துறைமுகத்திலேயே வாங்க ஒரு தராசு வையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். தலையாட்டுகிறார்கள். தராசைத்தான் காணோம்.