மரப்படகு அழகாக இருப்பது ஏன்?

கரையில் ஏற்றி வைத்த மரப்படகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சித்திர வேலைப்பாடு எதுவும் இல்லாவிட்டாலும், முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் அந்த வளைவைத் தடவிப் பார்க்க ஆசை எழுகிறது அல்லவா? அதற்குக் காரணம் உண்டு. ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

ஒரு பலகையில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடியுங்கள். அவற்றின் நடுவே, நேர்கோட்டிலிருந்து 3 செ.மீ. மேலே தள்ளி, மூன்றாவது ஆணியை அடியுங்கள். இப்போது ஒரு நூலை மூன்று ஆணிகளையும் தொடும்படி இழுத்துக் கட்டினால், நடு ஆணியில் மூலை விழும். நூலுக்குப் பதிலாகப் பச்சைத் தென்னை ஈர்க்கை, நடு ஆணிக்கு மேற்புறமாகவும் மற்ற இரண்டுக்குக் கீழ்ப்புறமாகவும் செலுத்துங்கள். மூலையே இல்லை, சீரான ஒரு வளைவு கிடைக்கிறது. வளைக்கும்போது ஈர்க்கினுள் நிலையாற்றல் சேர்கிறது. அந்த ஆணிகளைத் தொட்டுச் செல்லும் வளைவுகளுள், இவ்வாற்றல் மிகக் குறைவாக உள்ளதையே ஈர்க்கு ஏற்கிறது.

படகின் பலகையும் ஒரு பெரிய ஈர்க்குதான். திடீரென மடக்கினால் முறிந்துவிடும், சீராகத்தான் வளையும். தடித்த பலகையைத் தச்சர்கள் சூடேற்றி வளைப்பார்கள். ஈரமும் வெப்பமும் சேரும்போது, மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் இளகுகிறது. ஆறியதும் அது இறுகி, புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளைவு நீருக்கும் உகந்தது. படகின் உடலில் மூலையோ மேடோ இருந்தால், அங்கே நீர் சுழித்துப் படகைப் பின்னுக்கு இழுக்கும்.

கோழிக்கோட்டுக்கு அருகே, சாலியாறு கடலில் கலக்கும் இடத்தில் பேப்பூர் இருக்கிறது. 'உரு' எனப்படும் பெரிய மரக்கலங்களை அங்கே தலைமுறைகளாகக் கட்டிவருகிறார்கள். காகிதத்தில் வரைபடம் போடாமல், தலைமைத் தச்சர் தம் மனக்கணக்கைக் கொண்டே வேலையை நடத்துவது அவ்வூர் மரபு.

கப்பல் வரைபடம் போடுவோர் வளைவு வரைய மெல்லிய சட்டம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்ப்லைன்' என்று பெயர். 1946-இல் ஷோன்பர்க் என்ற கணித அறிஞர் அப்பெயரையே ஒருவகை வளைவுகளுக்குச் சூட்டினார். இன்று கார்களின் உடலைக் கணினியில் வடிவமைக்க அக்கணிதம் உதவுகிறது.

இப்போது நம் கடற்கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. அவை இலேசானவை, மரத்தைப்போல் உளுத்துப்போவதில்லை. மீனவர்கள் அவற்றை விரும்புவது நியாயமே. ஆனால் அச்சில் வார்க்கும் பொருள் எந்த வடிவத்தையும் ஏற்கும். நல்ல வளைவு எது என்று அது சொல்லாது. மரமோ ஒவ்வொரு பலகையிலும் தச்சருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது. மரப்படகு கட்டுவது நின்றுபோனால், அந்தப் பாடமும் நின்றுபோகும்.

எங்கேனும் மரப்படகைக் கண்டால், முனையருகே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பை நீளவாக்கில் பாருங்கள். நூலளவு பிசகையும் கண் காட்டிக்கொடுக்கும். அருகில் அதைக் கட்டிய பெரியவர் இருந்தால், எப்படிக் கட்டினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.