ஜவ்வாது மலைக்குக் கேரவனில் கிளம்புகிறீர்களா? முதலில் கீசரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்தால், ஜவ்வாது மலையில் குளிர் வந்து உட்கார்ந்துவிடும். பீமன் அருவியில் தண்ணீர் இன்னும் இருக்கும். வானமும் தெளியத் தொடங்கும். காவலூரில் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் இனி வரும் மாதங்கள்தான் நல்ல பருவம். 1988 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டியது இங்கேதான். போளூர் வழியாகவும், வாணியம்பாடி ஆலங்காயம் வழியாகவும் ஜமுனாமரத்தூருக்கு வண்டிகள் ஏறும் காலம் இது.

அந்த வண்டிகளில் கேரவன்களும் இப்போது கண்ணில் படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கேரவன் என்றால் சினிமா நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் தமிழ்நாட்டில் பொருள். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இன்று வேனைப் பிரித்துப் படுக்கை, சமையல் மேடை, குளியலறை வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். குளியலறை என்றால் கீசர் இருக்கும். மலையில் முதல் நாள் காலையிலேயே அது காலை வாரும்.

வாரும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஸ்குரூ டிரைவரை எடுத்து கீசரின் மூடியைக் கழற்றுவது. இந்தப் பருவத்துக்கான முதல் ஆலோசனை, அதைச் செய்யாதீர்கள் என்பதுதான். மலையில் தண்ணீர் சுடவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் கீசருக்கு வெளியே இருக்கும். வண்டிக்குள் வரும் மின்சாரத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

தங்கும் விடுதியோ தோட்ட வீடோ, வண்டியை நிறுத்தி மின் இணைப்பு எடுக்கும் இடம் மின்பாதையின் கடைசி முனையில் இருந்தால், காலையில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். கீசரின் காயிலுக்கு இது பெரிய அடி. வோல்டேஜ் எந்த அளவு குறைகிறதோ, அதன் வர்க்க அளவில் சூடு குறையும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் காயில், 180 வோல்ட்டில் சுமார் 1225 வாட்தான் தரும். தொட்டியில் 15 லிட்டர் தண்ணீர் 18 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதை 45 டிகிரிக்குக் கொண்டுவர 230 வோல்ட்டில் 14 நிமிடம் போதும். 180 வோல்ட்டில் 23 நிமிடம் ஆகும். சென்னையில் தண்ணீரே 27, 28 டிகிரியில் வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஊரில் எட்டொன்பது நிமிடத்தில் சுட்ட கீசர் மலையில் ஏன் மக்கர் செய்கிறது என்று புரியும். அது கெட்டுப்போகவில்லை, நேரம் கேட்கிறது. ஒரு மல்டிமீட்டரை வண்டியிலேயே வைத்திருங்கள். கீசர் ஓடும்போது அளந்து பாருங்கள், அணைத்துவிட்டு அளந்தால் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

அணைத்திருக்கும்போது 225, போட்டதும் 195 என்று விழுந்தால் அடுத்து ஒயரைப் பாருங்கள். வீட்டில் டிவிக்கும் செல்போனுக்கும் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கீசருக்குப் போடுவதுதான் கேரவன்காரர்கள் செய்யும் முதல் பிழை. 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 25 மீட்டர் நீளமும் 0.75 சதுர மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒயரில் இந்த மின்னோட்டம் போனால் பத்து வோல்ட் வழியிலேயே தொலையும். ஒயர் எண்பது வாட்டுக்கு மேல் சூடாகும். விரித்துப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும். மீதி ஒயரை அழகாகச் சுருட்டி வண்டிக்கு அடியில் வைத்திருந்தால் சூடு போக வழியின்றி உறை உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர், 16 ஆம்பியர் பிளக், முழுவதும் விரித்த நிலை: இதில் பேரம் வேண்டாம். பிளக்கைக் கழற்றியதும் பின்னைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, வேறு சாக்கெட் கேளுங்கள்.

அடுத்தது எர்த். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் சூடு வராதது வெறும் தொந்தரவு, எர்த் இல்லாதது உயிர்ப் பிரச்சினை.

வீட்டுக் குளியலறையில் கீசரில் மின்சாரம் கசிந்தால் அந்தக் கீசரைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். கேரவனில் கசிந்தால் வண்டி முழுவதும் கசியும். தகரக் கூடு, கதவுக் கைப்பிடி, படிக்கட்டு எல்லாம் ஒரே உலோகம். நான்கு டயரும் ரப்பர் என்பதால் அந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்காமல் கூட்டிலேயே காத்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. பனியில் நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கும் பிள்ளைக்குத்தான் தெரியும். இதைத் தடுக்க இருக்கும் வழி அந்த மூன்றாவது ஒயர். அது நீங்கள் பிளக் செருகும் கட்டடத்திலும் உண்மையிலேயே மண்ணுக்குப் போக வேண்டும்.

பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் இரண்டு ஒயர்தான் இருக்கும். சில இடங்களில் எர்த் முனையை நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருப்பார்கள். இரண்டாவது இன்னும் மோசம், காரணம், எல்லாம் சரியாக வேலை செய்வதுபோலவே தெரியும். என்றாவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் அந்த நொடியிலேயே வண்டிக் கூட்டில் 230 வோல்ட் ஏறிவிடும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே முதலில் அளக்கட்டும். பிறகு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். எர்த்தில் எண் பாதியாகவோ நிலையில்லாமல் ஆடுவதாகவோ இருந்தால் எர்த் இல்லை. பிறகு, அதே சாக்கெட்டின் மின்பாதையில் கனமான சாதனம் ஒன்று ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் இயல்பு. துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்படுங்கள், இரண்டையும் யாரோ முறுக்கியிருக்கலாம். சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் விடுதிக்காரரிடம் எலக்ட்ரீஷியனை வரவழைக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில் விளக்கு, பேட்டரி சார்ஜருக்குக்கூட வண்டியை இணைக்காமல் இருப்பதே நல்லது. கீசரைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. வேறு, இது வேறு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய அலங்காரம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுடவில்லையா? இப்போது கீசரிடம் வரலாம்.

முதல் கேள்வி: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? வீட்டில் மேல்தொட்டி எப்போதும் கீசரை நிரப்பியே வைத்திருக்கும். கேரவனில் சின்ன 12 வோல்ட் பம்ப்தான் நிரப்ப வேண்டும். மழைக்காலம் முழுவதும் தொட்டியைக் காலிசெய்து நிறுத்திய வண்டியை எடுத்ததும் சுவிட்சைப் போட்டால், காயில் காற்றில் காய்ந்து சில நிமிடங்களில் எரிந்துபோகும். பம்பை ஓடவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்பி முடிந்து தண்ணீர் சீராக விழும் வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். தண்ணீர் தீர்ந்து பம்ப் வெறுமனே ஓடினாலும் கீசரை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கட்-அவுட். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இது மின்சாரத்தைத் துண்டிக்கும். பல கீசர்களில் தெர்மோஸ்டாட் அருகே ஒரு சின்ன பட்டனாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து அழுத்தினால் மீண்டும் வேலை செய்யும். ஒரு முறை அழுத்தலாம். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று பொருள், மாற்றித்தான் ஆக வேண்டும். அவசரத்துக்குக் கட்-அவுட்டை விட்டுவிட்டு நேராக ஒயர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது காயில். பிளக்கைப் பிடுங்கி, காயிலின் இரு முனையிலிருந்தும் ஒயரைக் கழற்றி ஓம் அளந்தால் உண்மை வெளிவரும். 2000 வாட் காயில் 26 ஓம், 1500 வாட் 35 ஓம், 3000 வாட் 18 ஓம் அளவில் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தும் சுவிட்ச் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? மழைக்காலம் முழுவதும் சும்மா நின்ற வண்டிகளில் இது சகஜம். காயில் குழாய்க்குள் கம்பியைச் சுற்றியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். எது என்று மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும், அது எலக்ட்ரீஷியன் வேலை. ஆர்.சி.சி.பி.யை விலக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது.

கீசர் கொதிக்கும்போது படபடவென்று சத்தம் வந்தால் உப்புப் படிந்திருக்கிறது. சமவெளியில் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலையேறும் வண்டிகளுக்கு இது வரும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டு அலசலாம். ஊரில் செய்ய வேண்டிய வேலை இது, மலையில் அல்ல. சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பதற வேண்டாம். 10 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஒரு சின்ன டம்ளர் அளவு பெருகும், அந்த உபரிதான் வெளியே வருகிறது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் தொட்டியை வெடிகுண்டாக்குகிறார்கள்.

இணையத்தில் அமெரிக்க வீடியோ பார்த்துக் கேரவனைப் பழுதுபார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்கள் குளிர்காலத்துக்கு முன் குழாயில் உறைதடுப்பு திரவம் ஊற்றுவது அவர்கள் ஊரில் தண்ணீர் உறைவதால். ஜவ்வாது மலையில் அது தேவையே இல்லை. அவர்கள் காட்டும் காயில் 120 வோல்ட்டுக்கானது. 1440 வாட் என்று அச்சிட்ட அந்தக் காயிலை இங்குள்ள 230 வோல்ட்டில் மாட்டினால் ஐயாயிரம் வாட்டுக்கு மேல் இழுத்துக் கருகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள காயிலும் தெர்மோஸ்டாட்டும் போளூரிலோ திருப்பத்தூரிலோ வாங்கி, ஒரு உதிரி செட்டோடு ஏறுங்கள்.

வெளியே இணைப்பே கிடைக்கவில்லை, இன்வெர்ட்டரில் போடலாமா? கணக்கைப் பாருங்கள். 1500 வாட் கீசர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். 150 ஏ.எச். பேட்டரியில் நல்லபடியாக எடுக்கக்கூடிய சக்தியில் பாதி, ஒரு 15 லிட்டர் தொட்டியைச் சுடவைப்பதிலேயே போய்விடும். இரவு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மீதிப் பாதிதான் மிஞ்சும்.

மிச்சம் இருப்பது ஜெனரேட்டர். இங்கேதான் பயப்பட வேண்டும். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.யை ஓடவிட்டுத் தூங்கியவர்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தது உறுதியானது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலையில் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு தூங்குவோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கீசருக்காக விடிகாலையில் ஜெனரேட்டர் போடுவதென்றால் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிய பிறகு போடுங்கள். கையில் தூக்கும் ஜெனரேட்டராக இருந்தால் வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று போகும் திசையில் வையுங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் அதன் திறனும் குறையும், ஆயிரம் மீட்டரில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு கே.வி.ஏ. பெட்டி கீசரைத் தாங்காது. கேஸ் கீசரை மூடிய வண்டிக்குள் மாட்டுவதும் இதே ஆபத்துதான். பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடு போடுவதைச் சொல்லவே வேண்டாம்.

காவலூர் பக்கம் தங்குபவர்கள் வண்டியின் வெளி ஃபோகஸ் விளக்கையும் இரவில் அணைத்துவிடுங்கள். தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும்.

கீசர் மக்கர் செய்தே தீருவேன் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுதிக்காரரிடம் கேளுங்கள், விறகடுப்பில் அண்டா வைத்து ஒரு வாளி வெந்நீர் தருவார்கள். அதற்குப் பணத்தையும் கொடுங்கள். மின்சாரமே இல்லை, வோல்டேஜ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரத்திலும் புகார் செய்யலாம்.

வாடகைக் கேரவன் எடுப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் மூன்றைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள்: ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் விழுவது, தண்ணீர் நிரப்பிக் கீசர் சுடுவது, படுக்கைப் பகுதியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிப்பது. ஜெனரேட்டர் இருந்தும் மூன்றாவது இல்லை என்று சொல்பவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.