முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பாட்டி வீட்டுக்கு வந்ததும் நாம பாசத்தோடு செய்யும் முதல் வேலை, முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைப்பது. அது ஏன் தப்புன்னு புரிய டாக்டருக்குப் படிக்க வேண்டாம். முதல் வருட என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் போதும்.

முதலில் காலை எதிரே நின்று பாருங்க. இடுப்பு மூட்டுப் பந்தின் மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்கு ஒரு கோடு போட்டால் அதுதான் மெக்கானிக்கல் ஆக்சிஸ். நேரான காலில் அது முட்டியின் நடுவை ஒட்டிப் போகும். தேய்மானத்தில் கால் வில்லாக வளைந்தால் கோடு உட்பக்கம் நகரும். அப்புறம் என்ன, எக்சென்ட்ரிக் லோட்தான்! நடக்கும்போது முட்டி தாங்குவது உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. எலும்பை வெட்டும் கோணத்தை வைத்து சர்ஜன் கோட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருகிறார். வழக்கமான இலக்கு, நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள். (எல்லார் காலும் இயல்பிலேயே நேர் கிடையாது. 2012-ல் வெளியான பெல்ஜிய ஆய்வில், நம்ம வயசு ஆண்களில் 32 சதவீதம் பேருக்கு 3 டிகிரியோ அதற்கு மேலோ உள்வளைவு இருந்தது. அதனால் 'அவரவர் பழைய கோணத்துக்கே திருப்பலாமே' என்று வாதாடும் சர்ஜன்களும் உண்டு.)

இப்போ பக்கவாட்டில் பாருங்க. இந்தக் கோணம் சர்ஜன் கையில் மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிற நம்ம கையிலும் இருக்கு. முட்டி முழுசாக நீண்டு நின்றால் எடைக் கோடு மூட்டுக்குச் சற்று முன்னால் விழும். தசைக்குப் பெரிய வேலை இல்லை. கொஞ்சம் மடங்கியே நின்றால் கோடு பின்னால் போய்விடும். நிற்கும் ஒவ்வொரு நொடியும் அந்த மொமெண்ட்டை முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கணும். ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்பவே பலவீனமாவதும் அதே தசைதான். வீங்கிய முட்டிக்கு லேசாக மடங்கிய நிலைதான் சுகம். அப்படியே விட்டால் உள்ளே தழும்பு இறுகி, மடக்கம் நிரந்தரமாகிவிடும்.

அதனால் துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில் வைங்க, முட்டி தானா கீழே இறங்கட்டும். வலிக்கும்தான். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை பிசியோ பயிற்சிக்கு முன்னால் போட்டுக்கலாமா என்று அவரிடமே கேளுங்க. மடக்குவதற்கும் பயிற்சி வேணும். நாற்காலியில் உட்காரவே சுமார் 90 டிகிரி தேவை. படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னால். கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் தேய்க்காம அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.