கடன் பத்திரமும் காலாவதியும்

கடன் நியாயமானது, கையெழுத்து உண்மையானது, சாட்சிகளும் நாணயஸ்தர்கள். இவ்வளவும் இருந்தும் ஒருவர் கோர்ட்டில் தோற்றுப்போதல் கூடுமோ எனின், கூடும். வழக்கைத் தொடர வேண்டிய காலத்துக்குள் தொடராவிடில், மற்றவை யாவும் இருந்தும் பயனில்லை. சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் அவசியமாதலின், இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

ஓர் உதாரணம்

விவசாயி ஒருவர் தம் அண்டை வீட்டாருக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் தேதி 50,000 ரூபாய் கொடுத்து, கேட்டவுடன் திருப்பித் தருவதாகப் புரோநோட்டு எழுதி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் மழை இல்லை. மறு வருஷம் கடன்பட்டவர் வீட்டில் கலியாணம். “அறுவடை ஆகட்டும் அண்ணே, தந்துவிடுகிறேன்” என்று அவர் சொல்ல, இவரும் தாட்சண்யத்தால் பேசாதிருந்தார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் மனஸ்தாபம் ஏற்பட்டு, வழக்குத் தொடுத்தார். கெடுவோ ஜூன் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வழக்குத் தள்ளுபடியாகும்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை நீக்கிக்கொள்ள வேண்டும். “கேட்டவுடன் தருகிறேன்” என்று எழுதிய நோட்டுக்குக் கேட்ட நாளிலிருந்து காலம் தொடங்கும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு, நோட்டு எழுதிய தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகள் எண்ணப்படும். பிரதிவாதி ஆட்சேபித்தால்தான் கோர்ட்டார் காலாவதியைக் கவனிப்பர் என்பதும் தவறு. அவர் வாய் திறவாவிடினும், கெடு கடந்த வழக்கைத் தள்ளுவது கோர்ட்டின் கடமையென்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு விதிக்கிறது.

சட்டம் ஏன் இவ்வாறு விதித்தது?

நாள் செல்லச் செல்லச் சாட்சிகள் இறந்துபோகின்றனர்; ரசீதுகள் கறையானுக்கு இரையாகின்றன; ஞாபகம் மங்குகிறது. கடனை உண்மையிலேயே செலுத்தியவர் முப்பது வருஷத்துக்குப் பின் அதை ருசுப்படுத்த இயலாது. ஆகையால் எந்த வழக்குக்கும் ஓர் எல்லை வேண்டும். இந்நாட்டில் இதற்காக 1859-இல் ஒரு சட்டம் ஏற்பட்டது. அதன்பின் 1871, 1877, 1908 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. இப்பொழுது அமலில் உள்ளது 1963-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டம். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

முக்கியமான கெடுக்கள்

கைமாற்றுக் கடன், புரோநோட்டுக் கடன், விற்ற சரக்கின் விலை, வாடகை அல்லது குத்தகை பாக்கி, கூலி பாக்கி ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள். நிலத்தை அடமானமாகக் கொண்ட கடனை அந்நிலத்தின்பேரில் வசூலிக்க, தொகை செலுத்தத் தக்கதான நாளிலிருந்து 12 ஆண்டுகள். பிறர் எதிரிடையாக அனுபவிக்கும் நிலத்தை உரிமைமூலம் மீட்கவும் 12 ஆண்டுகளே; அக்காலம் கடந்தால் நில உரிமையே அழிந்துவிடும். ஆனால் நம் அனுமதியின்பேரில் ஒருவர் குடியிருப்பது எதிரிடை அனுபவமாகாது. பணத்துக்காகப் பெற்ற டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டுகள். சிவில் வழக்கில் ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாட்களும், ஹைகோர்ட்டுக்கு 90 நாட்களும் உண்டு.

கணக்கிடுகையில் தொடக்க நாளைத் தள்ளிவிட வேண்டும். கடைசி நாளில் கோர்ட்டு மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். வாதி மைனராயிருந்தால், மேஜராகும் வரை அவருக்கு எதிராகக் காலம் ஓடாது. தக்க காரணம் காட்டினால் அப்பீலின் தாமதத்தைக் கோர்ட்டார் மன்னிக்கலாம். வழக்கின் தாமதத்துக்கு அம்மன்னிப்பு இல்லை.

கெடுவைப் புதுப்பிக்கும் வழி

முன்சொன்ன விவசாயி நட்பையும் கெடுத்துக்கொள்ளாமல், பணத்தையும் இழவாமல் இருந்திருக்கலாம். 2025 மார்ச் 5-ஆம் தேதி கடன்பட்டவரிடம் ஆயிரம் ரூபாயேனும் பெற்று, நோட்டின் பின்புறத்தில் அவ்வரவைத் தேதியுடன் எழுதுவித்து, அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால், அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கும். பணம் இல்லையேல், கடன் உள்ளது என்று ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமே போதும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆனால் இவை யாவும் பழைய கெடு முடிவதற்கு முன்பே நடைபெறுதல் வேண்டும். வாய்ச்சொல் உதவாது. கடன் கொடுத்தவர் தம் கையாலேயே வரவெழுதி, கடன்பட்டவரின் கையெழுத்து இல்லாமல் விடுவதும் உதவாது. இருவர் சேர்ந்து எழுதிய நோட்டாயின், இருவர் கையெழுத்தையும் பெறுக. ஒருவர் எழுதியதனால் மட்டும் மற்றவர் கட்டுப்படார்.

கெடு கடந்தபின் ஒரு வழியே எஞ்சும். காலாவதியான கடனைச் செலுத்துவதாகக் கடன்பட்டவர் எழுத்துமூலம் வாக்களித்துக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதனைச் செல்லத்தக்கதாக ஏற்கிறது. அது அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்தது. கடன்பட்டோரும் ஒன்றை நினைவில் வைக்க: ஒரு காகிதத்தில் கையெழுத்திடுமுன் அதைப் படித்தறியுங்கள், பணம் செலுத்தினால் ரசீது பெறுங்கள்.

குற்ற வழக்குகள்

சிறு குற்றங்களுக்கும் கெடு உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, அபராதம் மட்டும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு 6 மாதம். ஓராண்டு வரை சிறைக்குரியதற்கு ஓராண்டு. அதற்குமேல் மூன்றாண்டு வரை சிறைக்குரியதற்கு 3 ஆண்டுகள். அதனினும் கடுமையான குற்றங்களுக்கு இக்கெடு இல்லை. கொலை செய்தவன் முப்பது ஆண்டு ஒளிந்திருந்தாலும் தப்பினவனாகான். செக் திரும்பிய விஷயத்தில் காலம் மிகக் குறுகியது: பாங்கின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது சேர்ந்த 15 நாளுக்குள் பணம் வராவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கது

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருத்தல் நலம். கடன், அடமானம், டிக்ரி ஒவ்வொன்றுக்கும் தேதியையும் கெடு முடியும் நாளையும் அதில் குறித்து, ஆண்டுதோறும் தை மாதத்தில் பத்திரப் பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வருஷத்துக்குள் முடிவன எவையோ அவற்றுக்கு உடனே வரவோ ஒப்புதலோ பெறுக. மறுத்தால் வக்கீலை அணுகுக. சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையிலான தகராறுகள் கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளரிடம் செல்வன; அவற்றின் முறை வேறாதலின் சங்கக் காரியதரிசியைக் கேட்டறிக. கையெழுத்துக் கேட்பது அவநம்பிக்கையன்று. கொடுத்தவர், பெற்றவர் இருவரையும் பின்னாளில் பகையின்றிக் காப்பது அதுவே.