தட்டுப்பாட்டில் பழைய சைக்கிள்: இலாபம் எங்கே இருக்கிறது?

தட்டுப்பாடு வந்தால் பாவித்த சாமானுக்கு விலை ஏறும் என்பது யாவரும் அறிந்ததே. அந்த விலை எத்தனை நாள் நிற்கும் என்பதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதில்லை.

2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 வரை ஏறியதால் புதிய சைக்கிளும் டயர், டியூபும் எட்டாத விலைக்குப் போயின. பழைய சைக்கிள் வைத்திருந்தவர் சொன்னதே விலை. ஆகஸ்ட் முதலாம் திகதி கியூஆர் முறை நாடெங்கும் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தது. அலவத்துகொடயின் ஏற்றங்களில் சைக்கிள் உருட்டிக் களைத்தவர் பெற்றோல் கிடைத்த பிறகும் அதை மிதிப்பாரா?

பெரிய கம்பனிகளும் இதில் தப்பவில்லை. 2020இல் கொரோனாவால் உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபோது, வீட்டில் மிதிக்கும் சைக்கிள் விற்கும் அமெரிக்காவின் பெலட்டன் கம்பனிக்கு ஓடர் குவிந்தது. அந்தத் தேவை நிலைக்கும் என நம்பி அது விரிவடைந்தது. 2022 பெப்ரவரியில் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சைக்கிளை 20,000 ரூபாவுக்கு வாங்கி, 4,000 செலவழித்துத் திருத்தி, பத்து நாளில் 28,000க்கு விற்றால் இலாபம் 4,000. அதே முதலை மாதத்தில் மூன்று தடவை சுழற்றினால் 12,000. 35,000 வரட்டும் என்று ஒரு மாதம் பூட்டி வைத்தால், அந்த விலை வந்தாலும் கிடைப்பது 11,000தான். இடையில் பவுசர் வந்துவிட்டால் முதலுக்கே மோசம். பதுக்கல் மார்க்கத்திலும் ஆகாது, கணக்கிலும் ஆகாது.

வாங்குமுன் உங்களையே கேளுங்கள்: “தட்டுப்பாடு நாளைக்கே முடிந்தால் இது என்ன விலை போகும்?” அந்த விலைக்கு மிக மேலே போகவேண்டாம்.

அடுத்து, சாமானைப் பார்க்கும் முறை. சைக்கிள் சட்டத்தின் ஒட்டுகளில் வெடிப்பு உண்டா? சில்லைச் சுற்றிவிட்டால் ரிம் நெளிகிறதா? செயினில் 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள். நம் பக்கத்து இறக்கங்களுக்கு பிரேக் கட்டையை மாற்றாமல் எதையும் விற்காதீர்கள். ட்ரெட்மில் என்றால் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தால் போதாது. பாரமான ஒருவரை ஏற்றிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பெல்ட் வழுக்குவதும் மோட்டார் சூடேறுவதும் அப்போதுதான் தெரியும். 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்றும் பாருங்கள்.

சைக்கிளுக்கு மோட்டார் வாகனம் போல் பதிவுப் புத்தகம் இல்லை. தட்டுப்பாட்டில் களவுச் சாமானும் சந்தைக்கு வரும். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும், சட்ட இலக்கம் எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டும் இல்லாமல் காசு கொடுக்கவேண்டாம்.

விற்கும்போது குறையைச் சொல்லியே விற்போம். தட்டுப்பாடு முடிந்த பிறகும் அதே வாடிக்கையாளர்தான் நம் கடைக்கு வரவேண்டும்.